தன் கட்சியைத் தானே பேசிய கவி

கவிதை இன்னதென்று அறிய விரும்புகிறவன் யாரை அணுக வேண்டும்? இலக்கண ஆசிரியனையா, உரைகாரனையா, அன்றிக் கவியையேயா? நம் நாட்டில் முதலிரு வகையாரை அணுகுவதே மரபாக இருந்து வந்திருக்கிறது. தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புக்களை எண்ணி வைத்தார். தண்டியலங்காரம் அணிகளை வகுத்தது. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் செய்யுளியலுக்கு உரை விரித்தார்கள். கவிகளோ தம் தொழிலைப் பற்றித் தாமே பேச நேர்ந்தபோது பெரும்பாலும் அவையடக்கம் சொல்லி விலகிக்கொண்டார்கள். பாற்கடலைக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குத் தன்னை ஒப்பிட்டான் கம்பன். அந்தப் பணிவுக்குள் எத்தனை பெருமிதம் அடங்கியிருக்கிறதென்பது அவன் காவியத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு கவிதைக் கொள்கையைத் திரட்டி எடுப்பது எளிதன்று.

ஐரோப்பியக் கவிகள் இந்த விஷயத்தில் நாவடக்கம் உடையவர்கள் அல்லர். வசனத்தில் இறங்கி, தம் கலையின் இயல்பையும் உரிமையையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படிக்கும் வக்கீலுக்கு ஒன்று விளங்காமற் போகாது. கவி தன் கலையைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் யாரோ அவன்மீது குற்றம் சாட்டிய பிறகேயாகும். நாடகத்தையும் கவிதையையும் தூற்றி 1579இல் ஒரு நூல் வெளிவந்தது. ஸர் பிலிப் ஸிட்னிக்கே அது சமர்ப்பணம் செய்யப்பட்டிருந்தது. அதன் பின்னரே ஸிட்னி கவிதையின் சார்பாக எழுதினார். வேர்ட்ஸ்வொர்த் 1800இல் தம் பாடல்களுக்குப் பெரியதொரு முன்னுரை வரைந்தார். பழகிய நடையைக் கைவிட்டதற்கு வாசகருக்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. அந்த நூலில் அவருக்குப் பங்காளியாயிருந்த கோல்ரிட்ஜே 1817இல் அம்முன்னுரையை மறுத்து எழுதினார் என்பது இலக்கிய உலகின் வினோதங்களில் ஒன்று.

ஆகையால் கவிகளின் கொள்கை நூல்களைச் சாஸ்திரம் என்று கொள்வதைவிட வாக்குமூலம் என்று கொள்வதே பொருந்தும். வாக்குமூலம் என்பதனால் அது இழிந்ததாகிவிடாது. நேரில் கண்டவன் சொல்லுக்கு இணையான சாட்சியம் வேறில்லை. ஆனால் எதிர்த் தரப்பின் பிராதைப் படித்த பிறகே அதைப் படிக்க வேண்டும்; குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். இந்த முறையில் ஒரேயொரு நூலை இன்று நேயர்களுடன் ஆராய விரும்புகிறோம். அது ஷெல்லி 1821இல் எழுதிய "கவிதைக்காக ஒரு வாதம்". அரசியலில் ஈடுபட்டவர்களுக்கு அந்நூலில் நேரான அக்கறை உண்டு. ஏனெனில் நாம் கவிகளிடம் ஓயாது ஒன்று கேட்கிறோம்; நம்மவர் என்று நாம் உரிமை பாராட்டக்கூடிய இந்தக் கவி அதைத் தர முடியாதென்கிறார்.

முதலில் பிராது. அதை எழுதியவர் ஷெல்லியின் நெருங்கிய நண்பரும் நாவலாசிரியருமான தாமஸ் லவ் பீகாக். ஷெல்லியின் பிரசுரகர்த்தராகிய ஆலியர் 1820இல் ஓர் இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் முதல் இதழில் "கவிதையின் நான்கு யுகங்கள்" என்ற வியாசம் வெளியாயிற்று. கவிதைக்கு இரும்பு யுகம், பொன் யுகம், வெள்ளி யுகம், பித்தளை யுகம் என நான்கு உண்டென்று பீகாக் வகுத்தார். ஆதியில் கொள்ளைக்காரத் தலைவர்களைப் புகழ்ந்து பாடிப் பரிசு பெற்றவனே கவி. நாகரிகம் ஏற ஏற அவன் உயர்ந்தான். பின்னர் அறிவு வேறு வழிகளில் ஓடத் தொடங்கியதும் தாழ்ந்தான். இப்போது நடப்பது பித்தளை யுகம். விஞ்ஞானமும் பொருளாதாரமும் அரசியலும் வளரும் காலத்தில் கவி மட்டும் பழைய மூடநம்பிக்கைகளின் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறான். புத்தியுள்ளவர்கள் பயனுள்ள துறைகளுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் தீர்மானம்.

இதில் பாதி விளையாட்டு. பீகாக்கே கவிதை எழுதியவர்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த இடம் நமக்கு விசேஷமானது. 1819 முதல் அவர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைக் காரியாலயமாகிய இந்தியா ஹவுஸில் உத்தியோகஸ்தர். பயனே நன்மைக்கு அளவுகோல் என்ற சித்தாந்தத்தின் தூண்களில் ஒருவரான ஜேம்ஸ் மில்லும் அங்கே வேலை பார்த்தவர். மில் 1836இல் இறந்ததும் அவருடைய பதவி பீகாக்குக்குக் கிடைத்தது. இந்தியாவுக்கு அனுப்பும் கடிதங்களை வரைந்து கொடுப்பது அந்த இலாகாவின் வேலை. "கவிதையால் என்ன பயன்?" என்ற கேள்வி எந்த மேஜையிலிருந்து எழுந்ததோ, அதே மேஜையிலிருந்துதான் நம் முன்னோர்களின் நிலவரி, உப்பு, நீதிபரிபாலனம் முதலியவற்றைப் பற்றிய உத்தரவுகளும் எழுந்தன என்பதை நாம் மறப்பதற்கில்லை.

அப்போது இத்தாலியில் பீசா நகரில் இருந்த ஷெல்லி 1821 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பதில் எழுதினார். மூன்று பகுதிகளாக எழுத எண்ணியவர் முதற் பகுதியோடு நின்றுவிட்டார். அது வெளிவர வேண்டிய ஆலியரின் சஞ்சிகை ஓர் இதழோடு மறைந்தது. லே ஹண்டும் பைரனும் நடத்திய "லிபரல்" பத்திரிகையில் வெளியிடுவதற்காகப் பின்னர் எடுத்தார்கள். அதுவும் நான்கு இதழ்களோடு முடிந்தது. கடைசியில் ஷெல்லி கடலில் மூழ்கி 18 வருஷங்களுக்குப் பிறகு, 1840இல், அவர் மனைவி மேரி அதை அச்சேற்றினார். இதற்கிடையில் ஒரு விபரீதம் நேர்ந்தது. பீகாக்கின் பெயரும் அவர் வியாசத்தைப் பற்றிய குறிப்புக்களும் நீக்கப்பட்டிருந்தன. பிராதைக் கிழித்துவிட்டுப் பதில் மனுவை மாத்திரம் கட்டில் வைத்ததுபோல் ஆயிற்று. ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஒரு குறிப்பிட்ட எதிரிக்குக் கொடுத்த விடை, எக்காலத்துக்கும் பொதுவான வேதவாக்காக உலகத்தின் கையில் விழுந்தது. கல்லூரிகளில் அதை அவ்வாறே உருப்போட்டவர்கள் பலர், நாமும் விலக்கன்று.

பிராதையும் பதிலையும் அருகருகே வைத்துப் படித்தால் ஷெல்லியின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறதென்று தெரியும். அது பயனைப் பற்றிய பகுதி. பயன் என்ற சொல்லை எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கவிதை பயனுக்கு அப்பாற்பட்டது என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. சொல்லின் பொருளையே வழக்காடுகிறார். வயிற்றுக்கும் உடலுக்கும் வேண்டியதைத் தேடித் தருவது ஒரு பயன். மனத்தை விரிவாக்கி அன்பை வலுப்படுத்துவது மற்றொரு பயன். முதலாவதை அவர் இகழவில்லை. ஆனால் அதனோடு நின்றுவிட்ட இங்கிலாந்தைப் பாருங்கள் என்கிறார். உழைப்பைக் குறைப்பதற்கென்று கண்டுபிடித்த யந்திரங்கள் உழைப்பாளியின் சுமையை ஏன் ஏற்றின? செல்வம் உள்ளவனிடமே செல்வம் சேர்ந்து, இல்லாதவனிடம் இருந்ததும் போனது எதனால்? பொருளாதாரப் புத்தகங்கள் குறைந்து போனதனால் அன்று. அரசியலிலும் அறத்திலும் நமக்குத் தெரிந்தது, நாம் நடத்திக் காட்டுவதைவிட எவ்வளவோ அதிகம். தெரிந்ததை உள்ளத்தில் உருவாக்கிக் காணும் சக்தி குறைந்துவிட்டது. அறிவை உண்டோம், செரிக்கவில்லை. இதுவே அவர் குற்றச்சாட்டு.

இங்கிருந்துதான் அவருடைய மூலக்கொள்கைக்குப் போக வேண்டும். அறத்தின் ரகசியம் அன்பு. அன்பாவது தன்னை விட்டு வெளியேறிப் பிறனுடைய நிலையில் தன்னை வைத்துப் பார்ப்பது. அப்படி வைத்துப் பார்ப்பதற்கு வேண்டிய கருவி கற்பனை. உடற்பயிற்சியால் அங்கம் வலுப்பெறுவதுபோல் கவிதையால் அந்தக் கருவி வலுப்பெறுகிறது. ஆகவே கவிதை அறத்தைப் போதிப்பதில்லை. அறம் நடப்பதற்குரிய அவயவத்தை வளர்க்கிறது.

இதைப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் தினந்தோறும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஜில்லாவில் மழை பொய்த்து ஆயிரம் குடும்பங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டன என்று ஒரு பத்தி அச்சிடுகிறோம். படித்தவர் அனைவருக்கும் செய்தி தெரிந்துவிடுகிறது. எத்தனை பேருக்கு அன்று சோறு இறங்காமற் போகிறது? ஆயிரம் என்பது எண். பூட்டின வீட்டின் திண்ணையில் விட்டுப்போன உரலை ஒருவன் பாடினால், அடுத்த மாகாணத்தில் இருப்பவனுக்கும் நெஞ்சு கனக்கிறது. செய்திக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைத்தான் ஷெல்லி அளந்து காட்டினார். பீகாக் இதற்கு என்ன மறுமொழி சொல்லியிருப்பாரோ. அவர் அச்சில் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, நமக்குக் கசப்பான பகுதி. கற்பனையை வளர்ப்பதே கவியின் தர்மம் என்றால், அவன் தன் காலத்தில் தான் சரியென்றும் தவறென்றும் நினைப்பவற்றைக் கவிதையில் நுழைத்துப் பிரசாரம் செய்வது தவறு என்று ஷெல்லி கூறுகிறார். கருத்துக்கள் காலத்தோடும் தேசத்தோடும் மாறுபவை. கவிதை அவற்றுக்கு அடிமைப்படலாகாது. யுரிப்பிடீஸ், லூக்கன், தாஸோ, ஸ்பென்ஸர் ஆகியோர் எந்த அளவுக்கு நீதி புகட்ட முயன்றார்களோ அந்த அளவுக்கு அவர்கள் கவிதை குன்றியது என்று பெயர் சொல்லியே தீர்ப்பளிக்கிறார். இதற்கு முந்திய வருஷம் வெளிவந்த "பிரமீதியஸ் விடுதலை"யின் முன்னுரையிலும் போதனைக் கவிதையில் தமக்குள்ள வெறுப்பை ஒளிக்காமல் எழுதியிருந்தார்.

இப்படிச் சொன்னவர் யார்? தந்த கோபுரத்தில் வசித்த ஒரு பிரபுவானால் புறக்கணித்துவிடலாம். நாஸ்திகம் பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதியதற்காக 1811இல் ஆக்ஸ்போர்டு கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1812இல் டப்ளின் சென்று ஐரிஷ் ஜனங்களின் உரிமைக்காகப் பிரசுரம் விநியோகித்தவர். 1817இல் லார்டு சான்ஸலர் எல்டன், ஷெல்லியின் முதல் மனைவியின் இரண்டு குழந்தைகளையும் அவரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டார். அந்த வழக்கில் எதிர்க்கட்சியார் தாக்கல் செய்த தஸ்தாவேஜுகளில் ஷெல்லி தம் வாலிபத்தில் பாடிய "குவீன் மாப்" என்ற காவியமும் ஒன்று. ஒரு தகப்பன் தன் குழந்தைகளுக்குத் தகுதியற்றவன் என்பதற்கு அவனுடைய பாட்டையே சாட்சியாகக் கொண்டுவந்தார்கள்! கவிதை ஒன்றுஞ் செய்யாது என்று நினைப்பவர்கள் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின், 1819 ஆகஸ்டு 16ஆம் தேதி, மான்செஸ்டர் நகரில் பார்லிமெண்டுச் சீர்திருத்தம் கோரிச் சுமார் 60,000 ஜனங்கள் நிராயுதபாணிகளாகக் கூடினர். குதிரைப் படை அவர்களுக்குள் புகுந்து வெட்டியது. பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். காயமடைந்தோர் பல நூற்றுவர். செய்தி இத்தாலிக்கு எட்டியதும் ஷெல்லி சில நாட்களில் 91 செய்யுட்கள் கொண்ட "அராஜகத்தின் வேஷம்" என்ற பாடலை எழுதி முடித்தார். நாட்டுப் பாடல் நடை. சந்தையில் கூவி விற்கும் பாட்டுக்குரிய சந்தம். மந்திரிகள் ஒவ்வொருவராக வேஷமிட்டு ஊர்வலம் வருகிறார்கள். மோசடி என்னும் உருவம் எல்டன் பிரபுவைப் போல் நீதிபதியின் அங்கி தரித்து வருகிறது. இறுதியில் ஜனங்களுக்கு ஓர் உபதேசம்: வாள் வீசி வருபவன் முன்னே கைகட்டி நின்று, அசையாமல் அவன் முகத்தைப் பாருங்கள், வெட்டி ஓய்ந்தபின் அவன் வெட்கி வீடு திரும்புவான் என்பது அதன் சாரம். நம் நாட்டு வாசகனுக்கு இந்தப் போர்முறையைப் பாஷ்யம் செய்து விளக்க வேண்டுவதில்லை.

அந்தப் பாடலை ஷெல்லி, லண்டனில் "எக்ஸாமினர்" பத்திரிகையை நடத்திய தம் நண்பர் லே ஹண்டுக்கு அனுப்பினார். ஹண்ட் அதைப் பிரசுரிக்கவில்லை. ஷெல்லி உயிரோடிருந்தவரை பிரசுரிக்கவில்லை. 1832இல், சீர்திருத்த மசோதா சட்டமான ஆண்டில்தான் அது புத்தகமாக வெளிவந்தது. ஹண்ட் கோழையல்லர். பட்டத்து இளவரசரை அவதூறு செய்ததாக அவரும் அவர் சகோதரரும் 1813 முதல் இரண்டு வருஷம் சிறையிலிருந்தவர்கள். தலைக்கு 500 பவுன் அபராதம் கட்டியவர்கள். 1819 டிசம்பரில் ராஜநிந்தனைக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டமும் வந்துவிட்டது. பொதுஜனங்கள் அந்தப் பாட்டைச் சரியான மனோபாவத்துடன் ஏற்பதற்குரிய பக்குவம் அப்போது அடையவில்லை என்று பின்னால் ஹண்ட் சமாதானம் எழுதினார். பத்திராதிபர்கள் எல்லாருக்கும் கைவசம் உள்ள சமாதானம் அது. ஜாமீன் தொகையும் அச்சியந்திரமும் கண்ணுக்கு முன் நிற்கும்போது ஜனங்களின் பக்குவம் திடீரென்று குறைந்து காணப்படும். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. ஆயினும் பதின்மூன்று வருஷம் சற்று அதிகம்.

நேயர்கள் கேட்கலாம்: இந்தப் பாட்டு பிரசாரம் அல்லாமல் வேறென்ன? 1819இல் இதைப் பாடியவர் 1821இல் போதனை கூடாதென்று எழுதினால், சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்றல்லவா பதிவு செய்ய வேண்டும்? கேள்வி நியாயமானது. பாட்டின் முற்பகுதியைப் படமென்று சொல்லித் தப்பலாம்; பிற்பகுதி, அதாவது பாதிக்கு மேல், வெளிப்படையான பிரசங்கம். ஆனால் இதற்கு ஷெல்லி தம் மனத்தில் ஒரு தனிக் கணக்கு வைத்திருந்தார் என்பது அவர் கடிதங்களால் தெரிகிறது. முற்றிலும் அரசியல் சார்ந்த ஜனரஞ்சகமான பாடல்களைத் திரட்டிச் சிறு புத்தகமாக வெளியிட எவரேனும் கிடைப்பாரா என்று 1820இல் ஹண்டுக்கு எழுதினார். சீர்திருத்தக்காரர்களின் கற்பனையைத் தட்டியெழுப்பி வழிகாட்டுவது அவற்றின் நோக்கம் என்கிறார். கற்பனை என்ற அதே சொல்! அவர்களுடைய ஆத்திரத்தை என்று சொல்லவில்லை. அபிப்பிராயத்தை என்றும் சொல்லவில்லை. புத்தகம் வெளிவரவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் பாடும் பாட்டுக்கும் காலத்துக்குப் பாடும் பாட்டுக்கும் அவர் இரண்டு ஏடுகள் வைத்திருந்தார் என்பது இதனால் உறுதிப்படுகிறது. "கவிதைக்காக ஒரு வாதம்" இரண்டாவது ஏட்டை மட்டுமே நீதிமன்றத்தில் விரித்தது. முதல் ஏடு இருப்பதையே சாட்சி மறைத்தார். திறமையான எதிர்வக்கீலாயிருந்தால் அங்கேதான் பிடித்திருப்பான்.

பிடிப்பதற்கு இன்னும் இடங்கள் உண்டு. கவிதை வலிந்து செய்யப்படுவதன்று. அருள் வந்து தானே எழுவது. எழுத உட்காரும்போதே அந்த அருள் தணியத் தொடங்கிவிடுகிறது என்று ஷெல்லி வர்ணிக்கிறார். அவருடைய கையெழுத்துப் புத்தகங்கள் பல, அவரை வெளியேற்றிய அதே ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூல்நிலையத்தில் இன்று பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் அடித்தலும் திருத்தலும் மேலெழுதுதலுமாக ஒரு வரிக்கு ஐந்தாறு உருவங்கள் காணப்படும். அருள் தணிந்த பிறகு மனுஷன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. வாக்குமூலத்தில் அந்த உழைப்புக்கு இடமில்லாமற் போனதற்குக் காரணம், கவிதையை ஒரு கைத்தொழிலாகப் பேசினால் பீகாக்கின் கட்சிக்கு வலு ஏற்படும் என்ற பயமாக இருக்கலாம். நம் இளங்கவிகளில் சிலர் முதற்பகுதியை மட்டும் படித்துவிட்டு, திருத்துவதைத் தெய்வக் குற்றமாகக் கருதுகிறார்கள். அவர்கள் அனுப்பும் பாடல்களைப் படிக்கும் தண்டனை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிறது.

மற்றொன்று, கவி என்ற சொல்லுக்கு அவர் கொடுக்கும் எல்லை. செய்யுள் செய்கிறவன் மட்டும் அன்றிச் சட்டம் இயற்றியவர்கள், சமூகம் அமைத்தவர்கள், கலைகளைக் கண்டவர்கள், மத ஸ்தாபகர்கள், பிளேட்டோவையும் பேக்கனையும் போன்ற வசன ஞானிகள் எல்லாரும் கவிகளே என்கிறார். ஆவணத்தில் நான்கெல்லையும் இப்படி எழுதினால் ஊரே ஒருவன் நிலமாகிவிடும். எல்லா நன்மையையும் கவிதை என்று முதலில் பெயரிட்டுக்கொண்டு, பிறகு எல்லா நன்மையும் கவிதையால் வந்தது என்று நிரூபிப்பது வெகு சுலபம். இந்த இடத்தில் நாம் பீகாக்கின் பக்கம் சிறிது சாய்கிறோம்.

கவிகளை உலகத்தின் அங்கீகாரம் பெறாத சட்டகர்த்தர்களாக்கி முடியும் அவருடைய கடைசி வாக்கியம் மேடைகளில் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது. அது முதலில் கவிதையைப் பற்றிய நூலில் எழுதப்படவில்லை என்ற செய்தி பலருக்குப் புதிதாக இருக்கும். மான்செஸ்டர் படுகொலைக்குப் பின் ஷெல்லி இங்கிலாந்தின் சீர்திருத்தத்தைப் பற்றி ஓர் அரசியல் நூல் எழுதத் தொடங்கினார். தேசத்தின் கடன், வாக்குரிமை, நிலையான ராணுவம் இவையெல்லாம் அதன் விஷயங்கள். அதில் எழுதி வைத்திருந்த பகுதியையே எடுத்து 1821இல் கவிதை நூலின் முடிவாக வைத்தார். மூல நூல் 1920 வரையில் அச்சாகவே இல்லை. அந்த வாக்கியத்தைப் பிறந்த இடத்தில் வைத்துப் படித்தால் அது கவிகளின் தற்பெருமையாகத் தோன்றாது. தன் தேசத்தின் பார்லிமெண்டில் இடமில்லாத, தன் நியாயஸ்தலத்தில் குழந்தைகளை இழந்த, தன் கட்சிப் பத்திரிகையிலும் அச்சேற முடியாத ஒருவன், சட்டம் வேறு எங்கே உண்டாகிறது என்று தேடிக் கண்டதாகத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், தொழிலாளர்கள் ஷெல்லியை ஏற்றபோது அவர் எந்த நூலைத் தள்ளினாரோ அதைத்தான் கையில் எடுத்தார்கள். அவர் வாதத்தை எழுதிய அதே 1821இல் ஒரு புத்தக வியாபாரி "குவீன் மாப்"பை அனுமதியின்றி அச்சிட்டு விற்றான். நீண்ட குறிப்புரைகளோடு முழுக்க முழுக்கப் போதனை செய்யும் நூல் அது. ஷெல்லி, அது இளமையின் விவேகமற்ற வேலை என்று பத்திரிகைக்கு எழுதி, தடையுத்தரவு கேட்கும்படி தம் வக்கீலுக்குச் சொன்னதாகவும் தெரிவித்தார். ஆனால் பயன் விளையும் என்று அவரே நம்பவில்லை. ராஜத்துரோகமான நூலுக்குச் சட்டம் உரிமைப் பாதுகாப்பு அளிக்காதென்று எல்டன் பிரபு 1817இல் ஸதியின் வழக்கில் கூறியிருந்தார். ஆகவே ராஜத்துரோகமான நூல்தான் யாவரும் தடையின்றி அச்சிட்டு மலிவாக விற்கக்கூடிய நூலாயிற்று! சார்ட்டிஸ்டு இயக்கத்தார் அதை வேதம்போல் படித்தனர். ஷெல்லியின் கொள்கைக்கு இது பெரிய ஆட்சேபம். இயக்கத்துக்கு அன்று உதவியது போதனைதான். ஆனால் அந்த இயக்கம் அடங்கிய பின் "குவீன் மாப்"பைத் தேடிப் படிப்பவர் சிலரே. எதையும் போதிக்காத மேல்காற்றின் பாட்டு, அவர் பாஷை அறியாத நாடுகளிலும் மொழிபெயர்ப்பில் வழங்குகிறது.

தமிழ்நாட்டில் அவருடைய பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட ஒரு வாலிபர் இருந்தார். எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதியார் ஆரம்ப காலத்தில் "ஷெல்லிதாஸன்" என்ற புனைபெயரில் எழுதியது யாவரும் அறிந்ததே. ஆனால் தாஸன் குருவின் கொள்கையை அப்படியே ஏற்கவில்லை. "பிரமீதியஸ்" முன்னுரையில் ஷெல்லி, பக்குவப்பட்ட கற்பனையுடைய ஒரு சிறு வகுப்பாருக்கே தாம் எழுதுவதாக ஒப்புக்கொள்கிறார். பாரதியார் புதுச்சேரியில் 1912இல் "பாஞ்சாலி சபத"த்தின் முதற் பாகத்தை வெளியிட்டபோது எழுதிய முகவுரை நேர் எதிர்த் திசையில் போகிறது. சொல்லும் நடையும் சந்தமும் எளிமையாக, மெட்டு ஜனங்கள் விரும்புவதாக இருக்க வேண்டும். ஓரிரண்டு வருஷம் நூற்பழக்கம் உடையவனுக்கும் பொருள் விளங்க வேண்டும். அவ்வளவும் இருந்தும் காவியத்துக்கு வேண்டிய நயங்களில் குறைவு இருக்கக் கூடாது. அரைப் பக்கத்தில் அடங்கும் விஷயம். ஆனால் ஷெல்லியின் இரண்டு ஏடுகளையும் ஒரே ஏடாகத் தைத்துவிட முடியும் என்ற துணிவு அதில் இருக்கிறது. இதுவும் ஒரு வாதமே. கடின நடையே புலமை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த பண்டிதர்கள் எதிர்த் தரப்பில் இருந்தார்கள்.

அவர் அந்த முடிவுக்கு வருவதற்கு அனுபவமும் காரணம் என்பது நம் ஊகம். ஷெல்லிக்குக் கிடைக்காத அச்சியந்திரம் பாரதியாருக்குக் கிடைத்தது, அதுவும் எதிர்க்கட்சியாரிடமிருந்து. சென்னையில் பெரிய வக்கீலாகவும் மிதவாதிகளின் தலைவராகவும் விளங்கிய வி. கிருஷ்ணசாமி ஐயர், தீவிரவாதியான பாரதியாரின் தேசியப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு, 1907இல் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாட்டு எங்கெங்கே போய், யார் யார் வாயில் ஏறுகிறதென்று பார்க்கும் வாய்ப்பு நம் கவிக்கு இருபத்தைந்து வயதிலேயே கிடைத்தது. பீசாவில் தனித்திருந்தவருக்கு அது இல்லை. தன் பாட்டைப் பாடும் கூட்டத்தை ஷெல்லி ஒருமுறையேனும் கண்டிருந்தால் அவருடைய வாதம் வேறு விதமாக எழுந்திருக்குமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

இவ்வளவிற்கும் பாரதியார் தம் காவியத்தைத் தம் காலத்துக் கட்சிக்காரருக்குச் சமர்ப்பிக்கவில்லை. தமிழுக்கு உயிரும் ஒளியும் தர இனிமேல் பிறந்து வரப்போகும் கவிகளுக்கும், அவர்களை ஆதரிக்கப்போகும் செல்வர்களுக்கும் காணிக்கையாக்கினார். சூதாட்டச் சருக்கத்தோடு முதற் பாகம் நின்றது. சபதம் உள்ள இரண்டாம் பாகம் அவர் இறந்து மூன்று வருஷங்கள் கழித்து 1924இல் அச்சாயிற்று.